கல்லூரியும் ஊரார் கருத்தும்

விழா மலருக்குக் கட்டுரை வரைவோர் கல்லூரி அன்னையின் புகழ் பாடித் தொடங்குவது நம்மிடை வழங்கும் நன்மரபு. அம்மரபை யான் மதியாதவனல்லேன். நிறுவியோரின் தியாகமும், கற்பித்தோரின் பெருமையும், விளையாட்டிடத்து நாம் ஈட்டிய வெற்றிகளும் இம்மலரின் ஏனைய பக்கங்களில் என்னினும் வல்லார் எழுத்தால் விளங்கும். ஆதலின் அப்பணியை அவர்பால் விடுத்து, விழாக் கொண்டாடும் இவ்வேளையில் நம் மனத்தை உறுத்தவேண்டிய வினா ஒன்றை அன்பர் முன் வைக்க விழைகின்றேன். கல்லூரிக்கு வேண்டுவது யாது என்பதை நாம் யாரைக் கேட்டு அறிகின்றோம் என்பதே அவ்வினா.

இவ்வினா என் உள்ளத்தில் எழுந்த வரலாற்றை முதற்கண் கூறுதல் வேண்டும். விழா நினைவாகப் பழைய மாணவர் சங்கம் கல்லூரிக்கு அளிக்கவேண்டிய கொடை யாது எனத் தீர்மானித்தற்குக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. யானும் அதில் ஓர் உறுப்பினன். உள்நாட்டிலும், இலண்டன், ரொறன்ரோ, சிட்னி முதலிய நகரங்களிலும் வாழும் பழைய மாணவரின் வட்ஸ்அப் குழுக்களுக்கு நாம் ஒரு வினாவை அனுப்பினோம். “நம் கல்லூரியின் பெருமைக்கு ஏற்ற நினைவுச் சின்னமாக எதனை அமைக்கலாம்? அலங்கார முகப்பு வளைவா, நீச்சல் தடாகமா?” என்பது அவ்வினா. சில நாள்களில் விடைகள் குவிந்தன. பெரும்பாலார் வளைவையே விரும்பினர். குழுக் கூட்டத்திற் கை உயர்த்துமாறு தலைவர் கேட்டபோது வளைவுக்காக உயர்ந்த கைகளுள் என் கையும் ஒன்று. இதனை மறைத்தல் முறையன்று.

அடுத்த வாரம் ஒரு நாள், கல்லூரி விட்ட வேளையிற் பேருந்து நிலையத்தில் நின்றேன். நம் கல்லூரிச் சீருடை அணிந்த சிறுவன் ஒருவனும் அவன் தாயும் அருகே நின்றனர். ஆசிரியர் ஒருவரைக் காண வந்து திரும்புகின்றார் அவ்வம்மையார். தீவுப் பகுதியைச் சேர்ந்தவர், கணவர் கடற்றொழிலாளி. மகன் எட்டாம் வகுப்பிற் படிக்கின்றான். விடியுமுன் எழுந்து முதற் பேருந்தில் வருகின்றான். கணிதத்திற் பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஆசிரியர் பின்னேரத்தில் வகுப்பு நடத்துகின்றார், கட்டணமும் இல்லை. ஆயினும் அவ்வகுப்புக்கு நின்றால் ஊருக்குச் செல்லும் பேருந்து போய்விடும். அடுத்தது இருட்டிய பின்னரே வரும். ஆதலால் அவன் நிற்பதில்லை. இவற்றைக் கேட்டிருந்த யான், பேச்சை மாற்றும் எண்ணத்துடன், கல்லூரிக்கு நாம் கட்டவிருக்கும் வளைவைப் பற்றிச் சற்றுப் பெருமையோடு கூறினேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “நல்லது ஐயா. பின்னேர வகுப்பு முடிய ஒரு பஸ் இருந்தால் இவனும் படிப்பான். அதை எங்களிட்டை ஆர் ஐயா கேட்டவை?” என்றார்.

அவர் சொல்லிற் கோபம் இல்லை, குறையும் இல்லை. கேட்கப்படாமை அவருக்குப் பழகிப்போன ஒன்று. எனக்கோ அச்சொல் நெஞ்சில் முள்ளாயிற்று. நாம் கேட்டோம் என்று எண்ணியிருந்தோமன்றோ? வினா அனுப்பினோம், விடை பெற்றோம், எண்ணிப் பார்த்தோம். அங்ஙனமிருக்க இத்தாயின் கருத்து எங்ஙனம் நம் கணக்கில் வாராது போயிற்று?

பொதுமக்கள் கருத்தை ஆய்ந்தறியும் கலை சென்ற நூற்றாண்டிற் பெரிதும் வளர்ந்தது. அக்கலை கற்ற முதற் பாடமே நம் குழுவின் பிழையைக் காட்டுகின்றது. 1936-ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சனாதிபதித் தேர்தலின்போது, லிற்றரறி டைஜெஸ்ற் என்னும் புகழ்பெற்ற வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டுகளை அனுப்பியது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் விடை எழுதினர். இது மிகப் பெருந்தொகையேயாம். லான்டன் என்பவர் வெல்வார் என அவ்விதழ் அறுதியிட்டுக் கூறிற்று. நிகழ்ந்ததோ வேறு. மொத்தம் 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ற் கைப்பற்றினார். அவ்விதழும் இரண்டாண்டிற்குள் மறைந்தது.

பிழை எங்கு நேர்ந்தது? தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார் வண்டி உடையோர் ஆகியோரின் பட்டியல்களிலிருந்தே அவ்விதழ் பெரும்பாலும் பெயர்களைத் திரட்டியது. பொருளாதாரம் நலிந்திருந்த அக்காலத்தில் அவை வசதி படைத்தோரின் பட்டியல்கள். அன்றியும், சீட்டைப் பெற்றோருள் நாலில் மூவர் விடையே அனுப்பவில்லை. அதே தேர்தலில் ஜோர்ஜ் கலப் என்பார் மிகச் சிறிய தொகையினரையே கேட்டார். ஆயினும் பலதிறத்து மக்களும் அத்தொகையுள் அமையுமாறு கவனித்துக் கேட்டமையின் ரூஸ்வெல்ற்றே வெல்வார் எனச் சரியாகக் கூறினார்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என நம் வீட்டுப் பெண்கள் அறிந்துவைத்த உண்மையே இதன் அடிப்படை. பானை முழுவதையும் உண்டு பார்த்துப் பதம் அறிய வேண்டுவதில்லை. ஆயினும் அந்த ஒரு சோற்றை அகப்பையால் நன்றாகக் கிளறிய பின் எடுத்தல் வேண்டும். விளிம்பிற் பொங்கி வழிந்து காய்ந்திருக்கும் பருக்கையை எடுத்துப் பார்ப்போர் அடியில் வெந்ததையும் வேகாததையும் அறியார். நமது வட்ஸ்அப் குழுக்கள் அவ்வார இதழின் தொலைபேசிப் பட்டியலை ஒத்தன. அவற்றில் தீவுப் பகுதித் தாய் இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே கல்லூரியை விட்டுத் தொழிலுக்குப் போன நம் வகுப்புத் தோழரும் பெரும்பாலும் இல்லை. அவரும் பழைய மாணவரே என்பதை நாம் எத்துணை எளிதாக மறந்துவிட்டோம்!

இனி, பள்ளிகளைப் பற்றிய கருத்தாய்வுகள் தனியே நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. கலப்பின் நிறுவனம் 1969-ஆம் ஆண்டு தொடக்கம் பல்லாண்டுகளாக அமெரிக்க மக்களிடம் அரசாங்கப் பள்ளிகளைப் பற்றி ஆண்டுதோறும் வினவி வந்தது. பை டெல்ற்றா கப்பா என்னும் கல்வியாளர் சங்கத்தின் இதழில் அவ்வாய்வின் பயன் வெளியாகும். 1974-இல் அவர்கள் ஒரு நயமான வினாவைச் சேர்த்தனர். ஆசிரியர் மாணவனுக்குப் புள்ளியிடுவது போல, மக்கள் பள்ளிகளுக்குத் தரமிடவேண்டும் என்பதே அது. பிற்காலத்தில் அதே தரமிடலை மூவகையாகக் கேட்டனர். நாட்டிலுள்ள பள்ளிகளுக்கு என்ன தரம்? உம் ஊர்ப் பள்ளிகளுக்கு என்ன தரம்? உம் மூத்த பிள்ளை படிக்கும் பள்ளிக்கு என்ன தரம்?

விடைகள் ஆண்டுக்காண்டு சிறிது மாறினும் அவற்றின் ஒழுங்கு மாறவில்லை. நாட்டுப் பள்ளிகள் அனைத்தையும் நினைத்து மேலிரு தரங்களுள் ஒன்றை அளித்தோர் அண்மைக் காலங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேர். தம் ஊர்ப் பள்ளிகளுக்கு அவ்வாறு அளித்தோர் ஏறத்தாழப் பாதிப்பேர். தம் சொந்தப் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு அளித்த பெற்றாரோ மூன்றில் இரு பங்கினர் முதல் முக்காற்பங்கினர் வரை. ஒரே நாடு, ஒரே மக்கள், ஒரே ஆண்டு. ஆயினும் பள்ளியை அணுக அணுகத் தரம் உயர்கின்றது. அகல அகலத் தாழ்கின்றது.

இதற்குக் காரணம் பலவாறு கூறப்படும். தன் பிள்ளையைத் தவறான இடத்தில் விட்டோம் என ஒப்புக்கொள்ள எவர்க்கும் மனம் வாராது என்பர் ஒரு சாரார். நேரிற் காணாததைப் பத்திரிகைச் செய்தியால் மட்டும் அறிவோர்க்குக் கேடே பெரிதாகத் தோன்றும் என்பர் வேறொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. எவ்வாறாயினும், பள்ளியைப் பற்றி ஒருவர் கூறும் கருத்து பள்ளியை மட்டும் காட்டுவதன்று. அவர் பள்ளிக்கு எவ்வளவு தொலைவில் நிற்கின்றார் என்பதையும் காட்டுவதாம்.

பழைய மாணவராகிய நாம் எங்கு நிற்கின்றோம்? 1983-க்குப் பின் நேர்ந்த பெரும் இடப்பெயர்வால் நம்முட் பலர் கடல்களுக்கு அப்பால் வாழ்கின்றனர். உள்ளூரிலிருப்போருங்கூடப் பரிசளிப்பு விழாவிலும் துடுப்பாட்டப் போட்டியிலுமன்றிக் கல்லூரி வாயிலை மிதிப்பதில்லை. நாம் இடத்தால் மட்டுமன்றிக் காலத்தாலும் தொலைவிலுள்ளோம். “எங்கள் காலத்திற் கல்லூரி எங்ஙனம் இருந்தது தெரியுமா?” எனத் தொடங்காத பழைய மாணவர் பேச்சு உண்டோ? நம் நினைவிலுள்ள கல்லூரி ஒன்று. அச்சிறுவன் நாள்தோறும் வந்து போகும் கல்லூரி மற்றொன்று. முன்னதற்கு வளைவு அழகு செய்யும். பின்னதற்கு வேண்டுவது யாது என்பதை நாம் அறியோம்.

அவ்வமெரிக்க ஆய்வுகளில் இன்னொரு வினாவும் உண்டு. உம் ஊர்ப் பள்ளிகள் எதிர்நோக்கும் பெரும் பிரச்சினை யாது என்பது அது. முதற் பதினாறு ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லா ஆண்டும் ஒழுங்கின்மையே முதலிடம் பெற்றது. 1986-இல் போதைப்பொருள் முதன்முறையாக முதலிடத்துக்கு வந்தது. அவ்வாண்டு அந்நாட்டுப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் போதைப்பொருட் செய்தி மலிந்திருந்தது என்பது நினைவுகூரத் தக்கது. பின்னைய காலத்திற் பணப்பற்றாக்குறையே பெரும் பிரச்சினை என மக்கள் பல ஆண்டுகள் கூறினர். ஊரார் கருத்து ஓரளவு ஊரின் நிலையையும், ஓரளவு அன்றைய செய்தித்தாளையும் காட்டும் கண்ணாடி என்பது இதனாற் பெறப்படும். யாழ்ப்பாணத்திலும் பரீட்சைப் பெறுபேறு வெளியான வாரத்தில் கேட்டால் ஒரு விடையும், மாணவரிடைச் சண்டை ஒன்று செய்தியான வாரத்தில் கேட்டால் வேறு விடையும் கிடைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆதலின் ஒருமுறை கேட்டு அமைதல் போதாது. அதே வினாவை ஆண்டுகள் இடையிட்டு மீண்டும் மீண்டும் கேட்டல் வேண்டும்.

யாரைக் கேட்பது என்பது போலவே எதனைக் கேட்பது, எங்ஙனம் கேட்பது என்பவையும் ஆராயத்தக்கன. 1941-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டொனால்ட் றக் என்பவர் ஒரு சோதனையின் பயனை வெளியிட்டார். மக்களாட்சிக்கு எதிரான மேடைப் பேச்சுகளை அனுமதிக்கலாமா என ஒரு சாராரைக் கேட்டபோது, நூற்றுக்கு 62 பேர் கூடாது என்றனர். அப்பேச்சுகளைத் தடைசெய்ய வேண்டுமா என மற்றொரு சாராரைக் கேட்டபோது, 46 பேரே ஆம் என்றனர். அனுமதியாமையும் தடைசெய்தலும் பொருளால் ஒன்றே. சொல் மாறியதும் விடை மாறிற்று.

வினாவின் இவ்வாற்றலைத் தமிழ் இலக்கணிகள் நன்கறிந்திருந்தனர். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என வினாவை ஆறாக வகுத்தது நன்னூல். நம் நாவலர் பெருமானின் காண்டிகையுரையோடு அதனைக் கற்றோர் பலர் இம்மலரைப் படிப்பர். தான் அறியாததை அறிதற்பொருட்டு வினாவுவது அறியாவினா. கேட்பது போன்று தோன்றினும் ஒன்றைச் செய்யுமாறு ஏவுவது ஏவல்வினா. நாம் பழைய மாணவருக்கு அனுப்பிய வினா எவ்வகையது? நினைவுச் சின்னம் வேண்டும் என்பதை முன்னரே துணிந்துகொண்டு, வளைவா தடாகமா எனக் கேட்டோம். இரண்டுக்கும் புறத்தே எவரும் செல்லாதவாறு வேலியும் அடைத்தோம். அஃது அறியாவினாவின் வேடமிட்ட ஏவல்வினா. பேருந்து ஒன்றே வேண்டுவது என எண்ணியவர் ஒருவர் இருந்திருப்பினும், அவர் விடைக்கு அங்கே இடம் இல்லை.

அறிந்து சொல்லும் விடையும் அறியாது சொல்லும் விடையும் ஒரு நிறையுடையன அல்ல என்பதும் கருதற்பாலது. 2007 முதல் அமெரிக்காவில் எடியுகேஷன் நெக்ஸ்ற் என்னும் இதழினர் நடத்திவரும் ஆய்வுகளில், ஒரு மாணவனுக்கு அரசாங்கம் ஆண்டுதோறும் செலவிடும் தொகை எவ்வளவு என மக்களைக் கேட்டனர். பெரும்பாலார் உண்மையினும் மிகக் குறைவாக மதித்தனர். செலவைக் கூட்டவேண்டுமா என வெறுமனே கேட்டபோது இருந்த ஆதரவு, உண்மைத் தொகையை முதலிற் கூறிவிட்டுக் கேட்டபோது குறைந்தது. நம் அன்பர்களுக்கும் வளைவின் செலவு இவ்வளவு, அத்தொகையால் தீவுப் பகுதிக்கு இத்தனை ஆண்டுகள் பின்னேரப் பேருந்து ஓட்டலாம் எனக் கணக்கு வைத்துக் கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும்? அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். நாம் கணக்கை வைக்கவில்லை.

ஈண்டு ஒரு தடை எழும். கல்வியை ஊரார் வாக்கால் நடத்தலாமா? வைத்தியன் நோயாளரைக் கூட்டி வாக்கெடுத்தா மருந்து தருகின்றான்? எனச் சிலர் வினவுவர். இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. கருத்து வேறு, உண்மை வேறு. இந்தியாவிற் பிரதம் என்னும் நிறுவனத்தார் முன்னின்று 2005 முதல் ஏசர் என்னும் ஆய்வை நடத்துகின்றனர். தமிழ்நாடு உட்பட நாடெங்குமுள்ள கிராமங்களுக்குத் தொண்டர் சென்று, வீட்டு வாயிலிலேயே பிள்ளைகளுக்கு எளிய வாசகத்தைக் கொடுத்துப் படிக்கச் செய்வர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கமாட்டாதிருத்தலை அவ்வாய்வு பன்முறை காட்டியுள்ளது. பள்ளி எப்படி என்று மட்டும் கேட்டிருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

உத்தரப் பிரதேசத்து ஜௌன்பூர் மாவட்டத்தில் ஆய்வாளர் சிலர் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேற்செல்கின்றது. பெற்றார் பலர் தம் பிள்ளை உள்ளதினும் மிகுதியாகப் படிக்கவல்லது என நம்பியிருந்தனர். ஊரில் கல்விக் குழு ஒன்று இருப்பதையே நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அறியார். இதனினும் வியப்பு யாதெனின், அக்குழு உறுப்பினருள் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்தோர் தாம் உறுப்பினர் என்பதையே அறியாதிருந்தனர்! நம் பாடசாலைகளில் இயங்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களின் கூட்டங்களுக்குச் சென்றுவந்தோர் இதனைக் கேட்டு நகைக்குமுன் சற்றுச் சிந்திப்பாராக.

நம் நாட்டு வரலாறும் இத்தடைக்குத் துணைநிற்கும். கன்னங்கர அவர்கள் கல்வி மந்திரியாயிருந்த காலத்தில் விசேட கல்விக் குழுவின் அறிக்கை 1943-இல் வெளியாயிற்று. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி என்னும் அதன் விதப்புரைக்குச் சபையினுள்ளும் புறத்தும் எதிர்ப்பு வலிதாயிருந்தது. அக்காலத்திற் குரலுடையோராய் விளங்கியோரின் கருத்தை மட்டும் எண்ணியிருந்தால் 1945 ஒக்ரோபர் 1-ஆம் நாள் இலவசக் கல்வி உதயமாகியிராது. அவ்வளவும் செய்த அவரே 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் மத்துகமத் தொகுதியிற் தோல்வியுற்றார். மக்கள் இலவசக் கல்வியை வெறுத்தனர் என்பதா இதன் பொருள்? அன்று. தேர்தலில் ஒருவன் இடும் ஒற்றைப் புள்ளடியுள் நூறு காரணங்கள் மறைந்திருக்கும். கல்வியைப் பற்றி அவன் கருதுவது யாது என்பதை அப்புள்ளடி கூறாது. அதனை அறிய வேண்டின் அதனையே கேட்டல் வேண்டும்.

ஆகவே தடைக்கு விடை இதுவாம். கேட்டல் என்பது கீழ்ப்படிதலன்று. எண்கணிதம் எங்ஙனம் கற்பிக்கப்படல் வேண்டும் என்பதை ஊரார் வாக்குக்கு விட வேண்டுவதில்லை. அஃது ஆசிரியர்தம் துறை. ஆயின் பிள்ளை எந்த நேரம் வீட்டை விட்டுப் புறப்படுகின்றது, உண்டு வருகின்றதா, பிரத்தியேக வகுப்புக்கு மாதம் எவ்வளவு பணம் போகின்றது, எந்தப் பாடத்திற் பயப்படுகின்றது, எந்த ஆசிரியரிடம் வாய்திறந்து பேசத் துணிகின்றது என்பனவற்றை அறிந்தவர் பெற்றாரும் பிள்ளைகளுமே. வைத்தியனும் மருந்தை வாக்குக்கு விடுவதில்லை என்பது உண்மை. ஆனால் எங்கே நோகிறது என்று கேளாமல் மருந்து கொடுக்கும் வைத்தியனும் இல்லை.

நம் முன்னோர் ஆய்வு நடத்தினாரல்லர், வினாக்கொத்து அச்சிட்டாரல்லர். ஆயினும் ஊரைக் கேட்டனர். பிடியரிசி எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர்கள் நம்மிடை இருந்தன. உலையில் இடுமுன் ஒரு பிடியைப் பள்ளிக்கென எடுத்துவைத்த வீடு, அப்பள்ளியைத் தன்னதென நினைத்தது. அரிசி சேர்க்கச் சென்றவர் ஒவ்வொரு படலையிலும் நின்று அரிசியோடு அவ்வீட்டாரின் சொல்லையும் பெற்று வந்தார். 1960, 1961-ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலன அரசாங்கத்தின் பொறுப்பாயின. அதனால் விளைந்த நன்மை தீமைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. படலைதோறும் சென்று நிற்கும் வழக்கம் அருகிற்று என்பதை மட்டும் கூறுவேன். இன்று கல்லூரிக்குப் பணம் வங்கி வழியே வருகின்றது. வங்கி அனுப்பும் பற்றுச்சீட்டில் எவருடைய சொல்லும் இராது.

குறை கூறி அமைதல் எளிது. வழி கூறுதலும் வேண்டும். ஆதலின் சங்கத்துக்கு யான் பணிவுடன் முன்வைக்கும் விண்ணப்பம் வருமாறு. வளைவுக்கான வேலையைத் தொடங்குமுன் ஒரு தவணைக் காலம் பொறுப்போம். கல்லூரியின் வரவு இடாப்புகளிலிருந்து, வகுப்புத்தோறும் இத்தனை பேர் எனத் திருவுளச்சீட்டு முறையாற் பெயர்களைத் தெரிவோம். நமக்குத் தெரிந்தவர், கூட்டத்துக்கு வழமையாக வருபவர், நன்றாகப் பேசுபவர் எனப் பொறுக்கி எடுத்தல் ஆகாது. சீட்டு யார் பெயரைக் காட்டுகின்றதோ அவர் வீட்டுக்கே செல்வோம். அவரைக் கல்லூரிக்கு அழைத்துவிட்டு, வாராதோரைக் கருத்தில்லாதோர் எனக் கொள்ளுதல் பெரும்பிழை. வாராமைக்குக் காரணமே நாம் அறியவேண்டிய கருத்தாய் இருத்தல் கூடும்.

வீட்டுக்குச் செல்வோர் வகுப்பாசிரியராய் இருத்தல் நன்றன்று. பிள்ளையின் புள்ளியை இடுபவர் முன் தாய் தந்தையர் மனந்திறந்து பேசார். இளைய பழைய மாணவர் இப்பணியை மேற்கொள்க. முதலிற் கருத்தைக் கேளாது நடப்பைக் கேட்க. “கல்லூரி எப்படி?” என்று கேட்டால் “நல்லது ஐயா” என்ற விடையே எல்லா வீட்டிலும் கிடைக்கும். விருந்தினர் முகங்கோணப் பேசாத மக்கள் நம் மக்கள். “பிள்ளை எத்தனை மணிக்கு எழும்புகின்றது? கடந்த மாதம் எத்தனை நாள் கல்லூரிக்குப் போகவில்லை? ஏன்?” என்று கேட்டால் உண்மை தானே வெளிவரும். மாணவரிடமும் பெயர் எழுதாத தாளிற் கேட்போம். இடையில் விலகியோரைத் தேடிச் சென்று, விலகிய காரணத்தை அவர் வாயாலேயே அறிவோம். கிடைத்த விடைகளை, நமக்கு உவப்பில்லாதவற்றையும் மறையாது, சங்கத்தின் பொதுக்கூட்டத்திற் படிப்போம். ஐந்தாண்டின் பின் அதே வினாக்களை அதே முறையில் மீண்டும் கேட்போம். அப்போதுதான் நம் கொடையால் ஏதேனும் மாறிற்றா என்பது புலனாகும்.

இங்ஙனம் கேட்டபின்னும் வளைவே வேண்டும் எனப் பெற்றாரும் மாணவரும் கூறுவாராயின் யான் மகிழ்வுடன் முதற் கல்லைச் சுமந்து வருவேன். அதுவும் நடத்தல் கூடும். தம் பிள்ளை நுழையும் வாயில் அழகாய் இருத்தல் வேண்டும் என ஏழைத் தாயும் விரும்பலாம். அவள் விருப்பம் இன்னதென நாமே ஊகித்துக்கொள்வதும் அவளைக் கேளாமையின் மற்றொரு வகையேயாம். பேருந்து நிலையத்தில் ஒரு தாயிடம் கேட்ட ஒரு சொல்லைக் கொண்டு ஊர் முழுவதும் பேருந்தையே வேண்டுகின்றது என யான் வாதிப்பேனாயின், காய்ந்த பருக்கையைக் காட்டிப் பதம் கூறியவர் பிழையையே யானும் செய்தவனாவேன். அத்தாய் எனக்கு விடை தரவில்லை, வினாவையே தந்தார்.

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். தமிழிற் கேட்டல் என்னும் சொல் வினாவுதலையும் குறிக்கும்; செவிகொடுத்தலையும் குறிக்கும். ஒன்று நிகழ்ந்து மற்றொன்று நிகழாதவிடத்து நாம் கேட்டோம் என்று சொல்லுதல் பொருந்துமோ? நாம் வினாவினோம், செவிகொடுத்தோமல்லோம். தெரிந்தவரை வினாவினோம், தெரியாதவருக்குச் செவியை அடைத்தோம்.

வளைவுக்காக உயர்த்திய என் கையை இம்மலரின் வாயிலாக இறக்கிக்கொள்கின்றேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் மேற்கூறிய விண்ணப்பத்தைப் பிரேரணையாகக் கொண்டுவர எண்ணியுள்ளேன்; வழிமொழிய ஓர் அன்பர் வேண்டும். திருவுளச்சீட்டிற் பெயர் வரும் வீடுகளுக்குச் செல்ல இளைஞர் பலர் வேண்டும். தீவுப் பகுதிக்கான முதற் பேருந்திற் செல்ல யான் ஆயத்தமாயிருக்கின்றேன். வாழ்க நம் கல்லூரி. அதனோடு வாழ்க அதனைச் சூழ்ந்த ஊர்களெல்லாம்.